அஞ்சலை திரும்பி வரமாட்டாள், அக்கா

அக்கா,

அஞ்சலை கதைப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை ஆயா சொன்னபடியே எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். அஞ்சலை திரும்பி வரவில்லை. இனி மாற்றுவதாக இல்லை.

உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் நிறுத்தியிருப்பேன். உன் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் கேட்கவில்லை. ஆயாவின் தலைத் திவசத்துக்கு நீ வருவாய், படையல் முடிந்ததும் திண்ணையில் உட்காரவைத்து முழுசாகப் படித்துக் காட்டலாம் என்று இருந்தேன். நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இதைச் சொந்தக்காரர்கள் படிப்பார்கள், குப்பத்தில் பாதிப் பேர் போனில் படித்துவிட்டுச் சாயங்காலம் கரையில் உட்கார்ந்து பேசுவார்கள். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. பொதுவில் எழுதினால் யாராவது ஒருத்தர் உனக்கு அனுப்பிவைக்காமலா இருப்பார்கள்?

கதை நமக்குத் தெரியும். கூட நின்று படிக்கிறவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அஞ்சலை நம் வம்சத்துப் பெண் என்பாள் ஆயா. எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் போடுகிற பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். ஆற்றில் இருக்கிற எந்த உயிரிடமும் அதன் உடம்பைக் கடனாகக் கேட்கும் வரம் அவளுக்கு இருந்தது. ஒரு ஏற்றம், ஒரு வற்றம், அதுதான் தவணை. தண்ணீர் வடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வட்டியாக ஒரு பெயரை விட்டுவிட்டு வர வேண்டும். அவளுக்குத் தெரிந்த யாரோ ஒருத்தரின் பெயர் அவளுக்குள்ளிருந்து அழிந்துபோகும். முதலில் தூரத்து உறவு, அப்புறம் பக்கத்து வீடு. நண்டின் உடம்புக்கு ஒன்று, கூழைக்கடாவின் உடம்புக்கு ஒன்று. தம்பியின் படகு திசை தப்பிப்போன இரவில் பங்குனி ஆமையிடம் உடம்பு கேட்கிறாள். படகைக் கரை சேர்த்துவிடுகிறாள். அந்தக் கடனுக்கு அவள் சொந்தப் பெயரே போய்விடுகிறது. தன் பெயர் தெரியாதவள் எந்த உடம்புக்குத் திரும்புவாள்? வருஷா வருஷம் மற்ற ஆமைகளோடு அவளும் கரையேறி வருகிறாள். எது அவள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நம் வீட்டு வலையில் எந்த ஆமை மாட்டினாலும் கண்ணியை அறுத்து விட்டுவிட வேண்டும். “வல போனா வேற பின்னிக்கலாம்டா” என்பாள் ஆயா.

இதைத்தான் நீ மாற்றினாய். வீட்டில் ஒரு ஆள் குறைந்த வருஷம் அது. யார் என்று எழுதமாட்டேன், பயப்படாதே. ராத்திரி எனக்குத் தூக்கம் வராதபோது ஆயாவின் கதையை எடுத்து அதற்கு நீ ஒரு புது முடிவு வைத்தாய். தம்பி கரைக்குப் போய், ஆமையின் முகத்துக்கு நேரே மண்டிபோட்டு மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். மூன்றாவது தரத்தில் ஓடு பிளந்து அஞ்சலை எழுந்து நிற்பாள், தலையெல்லாம் ஈரமாக. அந்த ஈரத் தலையை நீ சொல்கிற விதத்தில் எனக்கே குளிரும்.

அந்தப் பங்குனி ராத்திரியை உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் என் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன்.

ஆமை ஏறி வந்தபோது நான் பயந்துதான் நின்றேன். நீ என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாய். பின்னங்காலை மாற்றி மாற்றிப் போட்டு மணலை அள்ளி அள்ளி வெளியே எறிந்தது. கால் கடைசியாக எட்டும்வரை தோண்டிவிட்டு அசையாமல் நின்றது. முட்டை விழ ஆரம்பித்ததும் அதன் கண்ணிலிருந்து கெட்டியாக நீர் வழிந்தது. “அழுவுறா பாருடா” என்றாய். ‘அழுவுது’ என்று நீ சொல்லவில்லை, அக்கா. ‘அழுவுறா’ என்றாய். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு. அனல்மின் நிலையத்துச் சிவப்பு விளக்குகள் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் எழுந்துபோய் அதன் முகத்துக்கு நேரே மண்டிபோட்டுக் கூப்பிட்டேன். அஞ்சலை என்று கூப்பிடவில்லை. வேறு பெயர். எந்தப் பெயர் என்று உனக்குத் தெரியும்.

ஒரு தரம் கூப்பிட்டேன். அது கண்ணை மூடித் திறந்தது. இரண்டாவது தரம் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். மூன்றாவதுக்கு மூச்சு இழுத்தபோது உன் கை என் வாயை மூடிவிட்டது. இறால் நாற்றமடிக்கிற கை. “வேணாம்டா, கூப்புடாதடா” என்றாய். உன் கை நடுங்கியது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை, என்னை விடமாட்டாய் என்ற ஆத்திரம்தான் இருந்தது. உன் விரலைக் கடித்தேன்.

நீதானே சொன்னாய் மூன்று தரம் கூப்பிட்டால் வருவாள் என்று? அப்புறம் ஏன் தடுத்தாய்?

எனக்கு விடை தெரியும், அக்கா. நான் மூன்றாவது தரமும் கூப்பிட்டு ஒன்றும் நடக்காமல் போயிருந்தால் அந்த ராத்திரியே எல்லாம் முடிந்திருக்கும். நீ அதை முடிய விடவில்லை. இன்னும் ஒரு தரம் பாக்கி இருக்கிறது என்று எனக்கு விட்டுவைத்தாய். உனக்கும் அப்போது பெரிய வயது ஒன்றும் இல்லை. உன்னை யார் தூங்கவைத்தார்கள் அந்த வருஷம்? இதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது. ஆனால் அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு வளர்ந்தவன் நான். பேருந்தில், மார்க்கெட்டில், திருவொற்றியூர்த் தேரடிக் கூட்டத்தில், பின்பக்கமாக ஒரு கொண்டையைப் பார்த்தால்கூட மூன்றாவது தரம் தொண்டைக்கு வந்துவிடும். நீ கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டாய். நான் இங்கேயே, அதே கரையில், அதே விளக்குகளுக்கு எதிரே இருந்தேன். உன் முடிவோடு வாழ்ந்தது நான்தான், நீ இல்லை.

அன்றைக்கு அப்புறம் நீ செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஆமை குழியை மூடிவிட்டு, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து மணலைத் தட்டித் தட்டி இறுக்கியது. அது கடலில் இறங்கினதும், நாயும் முட்டை பொறுக்க வருகிறவர்களும் கண்டுபிடிக்கக் கூடாதென்று தடத்தை முழுசாகக் காலால் அழித்தாய். ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை தினமும் விடியலில் ஆயாவுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்தாய். குஞ்சுகள் வெளியே வந்த ராத்திரி அவை கடலை விட்டுவிட்டு ரோட்டு விளக்கைப் பார்த்து ஓடின. ராத்திரியில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று குஞ்சு நம்பும், மின்விளக்கு இல்லாத காலத்தில் அது சரியாகவும் இருந்தது. நீ பாவாடையில் வாரி வாரிக் கொண்டுபோய் அலை தொடுகிற இடத்தில் விட்டாய். தண்ணீரில் நேராகப் போடவேண்டாம், கொஞ்சம் நடந்துபோகட்டும் என்றாய். அது யார் சொல்லிக்கொடுத்தது உனக்கு?

இந்தப் புத்தகத்துக்காகப் படித்தபோது தெரிந்துகொண்டவற்றை எல்லாம் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. அந்தக் கண்ணீர் அழுகை இல்லை. கடலில் குடித்த உப்பை ஆமை கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியே தள்ளுகிறது. ஆற்றங்கரைக் கண்டல் மரத்தின் இலையை நக்கிப் பார்ப்போமே, உப்புக் கரிக்குமே, அந்த மரமும் இதையேதான் செய்கிறது. ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவுசெய்கிறது, சூடு கூடினால் பெண் குஞ்சு கூடும். அந்தப் பெண்கள் வளர்ந்து முட்டையிடப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், அப்போது பிறந்த கரையைத் தேடித்தான் வரும். உன் பாவாடையில் போனவற்றில் ஒன்றிரண்டு பிழைத்திருந்தால் அவை இதற்குள் வந்துபோயிருக்கும், யாரும் கூப்பிடாமலே. இது எல்லாம் தெரிந்தபிறகும் ‘அழுவுறா’ என்றுதான் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். அது உன் சொல்.

பதிப்பகத்தில் ஆமையைப் பேசவைக்கச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமாம். முடியாது என்றுவிட்டேன். ஆயாவின் கதையில் எந்த மிருகமும் பேசாது, அதற்குள் இருக்கும்போது அஞ்சலைக்கும் பேச்சு கிடையாது. மேலே வந்து மூச்சு வாங்குகிற பதற்றமும், துடுப்புக் காலின் வலியும், தண்ணீரின் சூடு குளிர்ச்சியும்தான் அவளுக்கு இருக்கும். நம் ஊர்க் காட்டுக்கு மலையும் இல்லை, புலியும் இல்லை. கொசஸ்தலை ஆற்றுச் சேறும், மூச்சு வாங்கச் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கிற கண்டல் வேரும், பக்கிங்காம் கால்வாயும், சாம்பல் கலந்த தண்ணீரும்தான் நமக்குக் காடு. மந்திரம் நடக்க அந்த இடம் போதாது என்று ஒருத்தர் என்னிடம் சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, எழுதிக் காட்டியிருக்கிறேன்.

ஒரு அத்தியாயம் நானாகச் சேர்த்தேன். ஆயாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் சேர்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி வந்ததே, நீ டிவியில் பார்த்திருப்பாய். நான் கரையில் நின்று பார்த்தேன். கூழைக்கடாக்களின் வெள்ளை வயிறு கரேலென்று ஆகியிருந்தது. வலை, படகு, கண்டல் வேர் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. நம் ஆட்கள் மக்கையும் பக்கெட்டையும் வைத்துக் கையால் அள்ளினார்கள். ஆயா படியில் உட்கார்ந்து தன் பழைய பறியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் வேலைக்குப் போவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, ஆனாலும் துடைத்தாள். என் அத்தியாயத்தில் அஞ்சலை ஒரு கூழைக்கடாவிடம் போய் உடம்பு கேட்கிறாள். அது இறக்கையை இறுக்கி மூடிக்கொண்டு திரும்பிக்கொள்கிறது. கதை முழுக்க அவளுக்கு இல்லையென்று சொன்ன உயிர் அது ஒன்றுதான். படித்துக் காட்டியபோது ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “அக்காளுக்கு இத்தப் படிச்சிக் காட்டினியா?” என்றாள். இல்லை என்றேன். நீ அந்த வாரம் ஒரு போன்கூடச் செய்யவில்லையே, எப்படிப் படித்துக் காட்டுவேன்?

சித்தி மகள் மூலமாக நீ சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. வீட்டு விஷயத்தைக் கடையில் வைத்து விற்கிறேன் என்றாயாம். புத்தகத்தில் வீட்டு விஷயம் ஒரு வரி கிடையாது. போனவளைப் பற்றிக் கிடையாது, அப்பாவைப் பற்றிக் கிடையாது, உன் கல்யாணத்தைப் பற்றிக் கிடையாது. நீ சொன்ன முடிவும் கிடையாது. அதை நான் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்காதே. மூன்று தரம் கூப்பிடுவது எனக்காக நீ செய்தது, அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனசு இல்லை. இங்கே எழுதிவிட்டாயே என்பாய். வேறு எப்படி உன்னிடம் சொல்வது?

ஆயாவின் முடிவை ஏன் விடமாட்டேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுக நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. வலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்தவை. ஆமைக்கும் நம்மைப்போல நுரையீரல்தான், மேலே வரவிடாவிட்டால் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். 5 கடல் மைலுக்குள் இழுவைப்படகு வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நம் கரையில் கிடந்தவற்றை நான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன், ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தேன். அஞ்சலை ஏற்கெனவே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்றால் எனக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது? அவள் வந்துவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் ஆமை. அவள் வராததால்தான் ஆயா எல்லாவற்றையும் விட்டாள், தாத்தா எல்லாவற்றையும் விட்டார், எத்தனை வலை போனது நம் வீட்டில்! உன் முடிவில் ஒருத்தி பிழைக்கிறாள். எனக்கு அந்த ஒருத்தி வேண்டும் என்றுதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் புத்தகம் படிக்கிற பிள்ளை ஒருவேளை நாளைக்கு வலை இழுக்கப்போகிறவன்.

உன் மகளுக்கு நீ இந்தக் கதையைச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். எந்த முடிவைச் சொல்கிறாய் என்று மட்டும் எனக்குச் சொல்லேன். உன்னுடையதைத்தான் சொல்கிறாய் என்றால் சொல். அவளுக்கு அது கிடைக்கட்டும். மூன்றாவது தரமும் கூப்பிட வந்தால் தடுக்காதே, கூடவே நில்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆயா பெயருக்குக் கீழே உன் பெயரைப் போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் மாறிய பெயர் இல்லை, வீட்டில் கூப்பிட்ட பெயர். வேண்டாம் என்றால் அச்சுக்குப் போவதற்குள் நீயே எனக்குப் போன் போட்டுச் சொல். சித்தி மகளிடம் சொல்லியனுப்பினால் எடுக்கமாட்டேன்.

தம்பி