புல்மேட்டுக்கும் ஒரு பலகை வையுங்கள்

வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ரோமானியக் கோட்டைகளுக்குத் தகவல் பலகை எழுதி நடுகிற அன்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் யார் அரசுத் துறை, யார் அறக்கட்டளை, யார் உள்ளூர் மன்றம் என்று பிரித்துத் தனித்தனியாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல். குறையும் ஒன்றுதான். கல் இருக்கும் இடத்தில் நாலு பலகை வைக்கிறீர்கள், வண்ணப்படம் போடுகிறீர்கள், கூடவே ஒரு டீக்கடையும் வந்துவிடுகிறது. மண் மட்டும் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. அப்படியே இருந்தாலும் 'ரோமானிய முகாம்' என்று இரண்டு வார்த்தை, கீழே வேலியைத் தாண்டாதீர்கள் என்று ஓர் எச்சரிக்கை, அதோடு சரி.

ஹேட்ரியன் சுவரைப் பற்றி எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. கி.பி. 122இல் தொடங்கி, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை 117 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள், அதற்குப் பலகை வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? சுவரோரத்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டையின் கழிப்பறையில் வீரர்கள் வரிசையாக உட்கார்ந்த இடத்தை எந்தப் பிள்ளையும் சும்மா கடந்து போகாது. ஆனால் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர் மனத்தில் என்ன தங்கும்? ரோமானியர்கள் வந்தார்கள், கல்லை அடுக்கினார்கள், மேலே ஏறி நின்று வடக்கே பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான். அப்படி நின்று வேடிக்கை பார்த்த படையா அது? சுவர் வருவதற்கு ஏறத்தாழ 40 வருடம் முன்பே அபர்டீன் பக்கம் வரை நடந்து போன படை. சுவர் கட்டி 20 வருடம் ஆவதற்குள், கி.பி. 142 வாக்கில், இன்னும் வடக்கே போய், புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி அன்டோனைன் சுவர் என்று இன்னொன்றைக் கட்டி, அதையும் 160களில் விட்டுவிட்டுப் பழைய சுவருக்கே திரும்பி வந்த படை. அப்புறம் 208இல் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ், காலில் வாத நோயோடு, பல்லக்கில் சுமக்கப்பட்டபடி பெரும்படையை வடக்கே நடத்திக்கொண்டு போனார். 211இல் யார்க் நகரில் இறந்தும் போனார். இந்தப் போகவரவுக்கெல்லாம் சாட்சி புல்லுக்கு அடியில் கிடக்கும் பாசறைகளில்தான் அதிகம் இருக்கிறது. நீங்கள் பலகை வைக்காமல் விட்ட இடங்கள் அவைதான்.

ஒரு பாசறையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கவே ஒரு பலகை வேண்டும். பகல் முழுக்க நடந்து வந்த படை தண்ணீர் கிட்டே இருக்கிற, கொஞ்சம் மேடான இடத்தில் நிற்கும். சுற்றிலும் அகழி வெட்டி, அந்த மண்ணையே உள்பக்கம் குவித்து வரப்பாக்கி, மேலே கூர்க்கழிகளை நட்டு, எட்டுப் பேருக்கு ஒரு தோல்கூடாரம் என்று உள்ளே வரிசை பிடித்து அடிப்பார்கள். மேலிருந்து பார்த்தால் சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி, நாலு மூலையும் மழுங்கிய நீள்சதுரம். வாசலில் கதவு கிடையாது. அதற்குப் பதிலாக, வாசலுக்கு நேர் எதிரே சில அடி தள்ளி ஒரு துண்டு வரப்பும் அகழியும் இருக்கும், இல்லாவிட்டால் வரப்பின் நுனியையே கொக்கி போல வளைத்து விட்டிருப்பார்கள். ஓடி வருகிறவன் நேரே உள்ளே பாய முடியாது, திரும்பித்தான் வர வேண்டும். திரும்பும்போது கேடயம் பிடிக்காத வலப்பக்கம் உள்ளே நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். வடகிழக்கு ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராகத்ரோ என்ற இடத்தின் பெயரில் வழங்கும் வாசல்வகை இன்னும் வேடிக்கை: ஒரு பக்கம் வளைந்த அகழி, மறுபக்கம் சாய்ந்து நீளும் அகழி. அந்த வாசலைப் பார்த்தாலே முதல் நூற்றாண்டுப் படை என்று அறிஞர்கள் சொல்லிவிடுகிறார்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டு போனால் முழங்கால் உயர மேடுகூட நமக்கு ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறது. தெரியாமல் போனால் ஆடு மேய்கிற புல்வெளி, அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் மட்டும் இப்படி இருநூறுக்கு மேற்பட்ட பாசறைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. நியூஸ்டெட் கோட்டைக்கு வடக்கே செயின்ட் லெனார்ட்ஸ் என்ற இடத்தில் இருப்பது ஏறக்குறைய 170 ஏக்கர்! ஒரு சில இரவுகளுக்காக அவ்வளவு நிலத்தைச் சுற்றி அகழி வெட்டியிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உள்ளே எத்தனை பேர் தங்கினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, ஏக்கருக்கு இத்தனை கூடாரம் என்று ஆளுக்கொரு கணக்கு. அந்தச் சண்டையையும் பலகையில் எழுதலாமே, படிப்பவர்கள் ரசிப்பார்கள்.

பெர்த்ஷயரில் பிராகோ ஊரை ஒட்டி இருக்கும் ஆர்டோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நானறிந்தவரை மண்ணால் ஆன கோட்டைகளில் இதற்கு இணை இல்லை. கிழக்கிலும் வடக்கிலும் ஐந்து அகழிகள் வரை ஒன்றன்பின் ஒன்றாக. இறங்கி ஏறி இறங்கி ஏறி நடந்தால்தான் புரியும், தாக்க வருகிறவனுக்கு உள்ளே போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆனால் எனக்கு அங்கே பிடித்தது கோட்டைக்கு வடக்கே இருப்பது. வெவ்வேறு காலத்துப் படைகள் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தங்கியதால் பாசறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அதில் 63 ஏக்கர் பாசறை ஒன்றும் 130 ஏக்கர் பாசறை ஒன்றும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. எந்த வரப்பு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்து, பெரியதுதான் பிந்தியது என்று முடிவு கட்டினார்கள். இந்த அளவுகளிலேயே பல பாசறைகள் வடக்கே தொடர்ச்சியாக இருப்பதால், ஆர்டோக்கின் ஒரு சந்திப்பை வைத்து இரண்டு படையெடுப்புகளின் வரிசையையே சொல்ல முடிகிறது. துப்பறியும் கதைக்கு என்ன குறைச்சல்?

அதே ஆர்டோக்கில் கிடைத்த கல்லறைக்கல்லில் அம்மோனியஸ் என்று ஒருவர் பெயர் இருக்கிறது. தாமியோ என்பவரின் மகன், முதலாம் ஹிஸ்பானியப் படைப்பிரிவின் செஞ்சூரியன், அதாவது நூற்றுவர் தலைவர், 27 வருடச் சேவை, கல்லை வாரிசுகள் வைத்தார்கள். அவ்வளவுதான் தகவல். பெயரைப் பார்த்தால் எகிப்துப் பக்கம், படைப்பிரிவு ஸ்பெயினில் திரட்டியது, மனிதர் செத்தது ஸ்காட்லாந்தின் குளிரில்.

அடுப்பைப் பற்றி யாராவது எழுதுங்கள், தயவுசெய்து. அபர்டீனுக்கு வடமேற்கே கின்டோரில் கட்டட வேலைக்கு முன்பாக ஒரு பாசறையைத் தோண்டிப் பார்த்தபோது 180க்கும் மேற்பட்ட அடுப்புகள் வெளிவந்தன. நிலத்தில் குழி பறித்து, சூடு தாங்கிச் சிவந்த மண், ஓரத்தில் கரி. ரோமானியப் படைவீரனுக்குச் சமையல்காரன் கிடையாது. பங்கிட்டுக் கொடுத்த தானியத்தைக் கூடாரத் தோழர்களே அரைத்துத் தாங்களே ரொட்டி சுட வேண்டும். நடந்த களைப்பு, அகழி வெட்டிய களைப்பு, அதன்மேல் மாவரைக்கும் வேலை. உங்கள் படங்களில் வருகிற வீரன் எப்போதும் பளபளவென்று ஈட்டியோடு நிற்கிறானே தவிர, புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ரொட்டி திருப்பி நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம், தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள். டம்ஃப்ரீஸ்ஷயரில் பர்ன்ஸ்வார்க் குன்று இருக்கிறது. உச்சியில் உள்ளூர் மக்களின் பழைய மலைக்கோட்டை, வடக்குச் சரிவில் ஒரு ரோமானியப் பாசறை, தெற்குச் சரிவில் ஒன்று. தெற்குப் பாசறையின் மேல்வாசல்களுக்கு எதிரே மூன்று பெரிய மண்மேடுகள், குன்றைப் பார்த்தபடி. கல்லெறி பொறிகளை அவற்றின்மேல் நிறுத்தியிருக்கலாம். குன்றில் ஏராளமான ஈயக் கவண்குண்டுகள். சிலவற்றில் சின்னதாகத் துளை போட்டிருக்கிறது, எறிந்தால் விர்ரென்று ஊளையிட்டுக்கொண்டு போகுமாம், கேட்பவனுக்கு ஈரல்குலை நடுங்கட்டும் என்று. இது உண்மையான தாக்குதலா, அல்லது எப்போதோ கைவிடப்பட்ட மலைக்கோட்டையைக் குறியாக வைத்துப் படை நடத்திய பயிற்சியா? 1960களின் அகழாய்வுக்குப் பிறகு பயிற்சி என்ற கட்சி ஓங்கியிருந்தது, குண்டுகள் விழுந்து கிடக்கும் விதத்தைப் பார்த்த பிறகு முற்றுகைக் கட்சி மறுபடி எழுந்திருக்கிறது. என் மனம் முற்றுகைப் பக்கம்தான் சாய்கிறது, வெறும் பயிற்சிக்கு இவ்வளவு ஈயத்தை அள்ளி வீசுவார்களா? ஆனால் பலகையில் என் சாய்வும் வேண்டாம், உங்கள் சாய்வும் வேண்டாம். இரண்டு கட்சியையும் எழுதிவிட்டு, மேட்டைக் காட்டி, நீங்களே ஏறிப் பாருங்கள் என்று விடுங்கள். முற்றுகைதான் என்றால் மேலே குழந்தைகுட்டியோடு யாரோ இருந்திருப்பார்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அன்டோனைன் சுவரின் கிழக்குக் கோடியில், பிரிட்ஜ்னஸ்ஸில், 1868இல் கிடைத்த கல்லில் ரோமானியக் குதிரைவீரன் ஆடையற்ற உள்ளூர்க்காரர்களை மிதித்துக்கொண்டு போகிறான். ஜெயித்தவர்கள் செதுக்கிய அந்தக் கல்லிலாவது அவர்கள் இருக்கிறார்கள், பல பலகைகளில் அதுவும் இல்லை.

சரி, மண்ணில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இன்ச்டுதில்லில் டே ஆற்றங்கரையில் ஒரு முழு லீஜியனுக்கான, அதாவது ஏறக்குறைய ஐயாயிரம் பேர் கொண்ட படைக்கான, கோட்டை இருந்தது, ஏறக்குறைய கி.பி. 83இல் கட்டத் தொடங்கி, முடியாமலே சில வருடத்தில் இடித்துவிட்டுப் போனார்கள். இன்றைக்குப் போனால் மேடும் புல்லும்தான். ஆனால் 1960இல் அங்கே ஒரு குழியில் எட்டேமுக்கால் லட்சம் இரும்பு ஆணிகள் கிடைத்தன, ஏழு டன் அளவுக்கு. எதிரி கையில் சிக்கி ஆயுதமாகிவிடக் கூடாதென்று புதைத்தார்கள் என்கிறார்கள். வெளியில் இருந்த ஆணிகள் துருப்பிடித்து ஓடாகி உள்ளே இருந்தவற்றைக் காப்பாற்றின. இரும்பு நீண்டகாலத்தில் எப்படி அரிக்கும் என்று தெரிந்துகொள்ள அணுக்கழிவு ஆராய்ச்சிக்காரர்கள்கூட அவற்றை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் புல்வெளிக்கு இதைவிட என்ன கதை வேண்டும்?

ஊர்விட்டு ஊர் வந்த சாமான்களையும் விடாதீர்கள். ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே உள்ள விண்டோலாண்டா கோட்டையில் 1973இலிருந்து கிடைத்துவரும் மரஏடுகளில் பிறந்தநாள் அழைப்பு இருக்கிறது, காலுறை அனுப்பிய செய்தி இருக்கிறது, பீர் தீர்ந்துவிட்டது அனுப்பிவையுங்கள் என்ற கோரிக்கை இருக்கிறது. ஒரு கணக்கில் ஒருவர் இரண்டு தினாரியஸ் வெள்ளிக்காசுக்கு மிளகு வாங்கியிருக்கிறார். அந்த நாளில் ரோமுக்கு மிளகு போனது பெரும்பாலும் முசிறி போன்ற மேற்குக்கரைத் துறைமுகங்களிலிருந்து, யவனர் பொன்னோடு வந்து ஏற்றிக்கொண்டு போன அதே சரக்கு. சேரநாட்டு மழைக்கு வளர்ந்தது நார்தம்பர்லாந்து மழையில் யாரோ ஒருவனின் கஞ்சியில் விழுந்திருக்கிறது.

கண்டுபிடித்த கதையையும் சொல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டில், ஸ்காட்லாந்து மலைநாட்டார் கலகம் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு ஸ்காட்லாந்தை அடக்கி வரைபடமாக்க அனுப்பப்பட்ட வில்லியம் ராய், போகிற வழியிலெல்லாம் பாசறைகளை அளந்து வரைந்தார். மலைநாட்டை அடக்கப் போன ஒரு படை, அதே வேலையாக வந்த பழைய படையின் தடத்தைக் கண்டு ரசித்திருக்கிறது. அவர் வரைந்தவற்றில் சில இன்று ஏரில் அழிந்துவிட்டன, வரைபடம் மட்டும் மிச்சம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்திலிருந்து படமெடுத்தார்கள். வறட்சிக் கோடையில் பழைய அகழி இருந்த இடத்தில் மட்டும் மண் ஈரம் பிடித்துவைத்திருக்கும், அங்கே பார்லி உயரமாகவும் பச்சையாகவும் நிற்கும், மற்ற வயல் பழுத்துவிடும்; தரையில் நின்றால் ஒன்றும் தெரியாத பாசறை மேலிருந்து கோடு போட்டதுபோல் தெரியும். அப்படி ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு, 'நீங்கள் நிற்பது இங்கே' என்று ஒரு புள்ளி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பலகை வைத்தால் இரவில் உலோகங்காட்டிக் கருவியோடு திருடர்கள் வருவார்கள் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நியாயமான பயம்தான். ஆனால் அவர்களுக்கு இடம் காட்ட உங்கள் பலகை வேண்டாம், வரைபடத்திலேயே 'ரோமானிய முகாம்' என்று அச்சடித்திருக்கிறது. பலகை இல்லாததால் விஷயம் தெரியாமல் போவது பக்கத்து ஊர்க்காரருக்கும் நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவருக்கும்தான், இருட்டில் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் போலீசுக்குச் சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியில்லாமல் அந்தக் கருவியை ஓட்டுவது குற்றம் என்பதை அதே பலகையில் எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வைக்கச் சொல்லவில்லை. சாலையோரம் இருப்பவற்றில் தொடங்கலாம். ஸ்டெயின்மோர் கணவாயில் ரே கிராஸ் பாசறைக்குள்ளேயே ஏ66 சாலை ஓடுகிறது, லாரிக்காரர்கள் தினமும் ஒரு ரோமானியப் படையின் கூடாரங்களுக்கு நடுவே போய் வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லைப்புறத்துச் செவியட் மலையில் சியூ கிரீன், அங்கே பாசறைகளும் சிறுகோட்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இடம் ஆட்டர்பர்ன் பயிற்சி நிலத்துக்குள் இருப்பதால் பிரிட்டிஷ் ராணுவம் இன்றும் அங்கே சுட்டுப் பழகுகிறது. அங்கே வைக்கிற பலகையில் வரலாற்றுக்கு முன்னால் சுடும் நாட்களில் வழி மூடியிருக்கும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், அவ்வளவு தூரம் மலையேறி வந்தவர் சிவப்புக் கொடியைப் பார்த்துத் திரும்பிப் போக வேண்டாம்.

அன்புடன்,
புல்மேட்டில் நின்று விழித்த ஒரு வாசகன்