வாக்கி-டாக்கி மட்டும் வாங்கினால் புயலுக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவல் துறை நவீனமயமாக்கல் திட்டத்தில் தமிழகத்துக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பணம் வருகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலும் ஆண்டு ஒதுக்கீட்டில் 10 சதவீதம் வரை மீட்பு, தகவல் தொடர்புக் கருவிகள் வாங்க விதி இடம் தருகிறது. கடலூர் மாவட்டத்துக்கு இதில் கேட்கும்போது கோப்பில் ‘வாக்கி-டாக்கி இத்தனை’ என்று மட்டும் எழுதினால், புயலின் இரண்டாம் நாளே அத்தனையும் ஊமையாகிவிடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்ததையும், கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. கரண்ட் போனால் சற்று நேரத்தில் செல்போன் கோபுரமும் போகும். மிஞ்சுவது ‘மைக்’ என்று சொல்லப்படும் காவல் துறை வயர்லெஸ் ஒன்றுதான். அது, ஒரு செட்டின் பேச்சை வாங்கித் தூரத்துச் செட்டுகளுக்கு மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டரை நம்பியிருக்கிறது. ரிப்பீட்டர் பேட்டரியை நம்பியிருக்கிறது.

கணக்கு எளிது. 50 வாட் ரிப்பீட்டர் பேச்சை அனுப்பும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், சும்மா இருக்கும்போது 1 ஆம்பியர். புயல் நாளில் பாதி நேரம் பேச்சு ஓடினால் சராசரி 5.5. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் 110ஐத்தான் நம்பலாம். ஆக 20 மணி நேரம். மூன்று நாள் தாங்க இப்படி நான்கு பேட்டரி வேண்டும். அவற்றைத் தரைத்தளத்தில் வைத்தால் தென்பெண்ணை வெள்ளம் வரும் அன்று வேலைக்கு ஆகாது, மாடியில் வையுங்கள்.

கையில் பிடிக்கும் செட்டின் பேட்டரி பத்து மணி நேரம் வரும் என்பது, நேரத்தில் 5 சதவீதம் பேசி, 5 சதவீதம் கேட்டு, மீதி 90 சும்மா இருந்தால் வரும் கணக்கு. மீட்புப் பணியில் அதில் பாதிகூட நிற்காது. செட் ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு பேட்டரி, இன்வெர்ட்டரில் ஓடும் ஆறு குழிச் சார்ஜர் ஆகியவற்றையும் அதே கோப்பில் சேர்க்க வேண்டும். மூன்று வருடம் ஆன பேட்டரி முழு சார்ஜ் காட்டும். பேச ஆரம்பித்ததும் படுத்துவிடும்.

யார் கண்ணிலும் படாதது ஆன்டெனா கேபிள். 30 மீட்டர் சாதாரண ஆர்.ஜி.213 கேபிள் போட்டால், செட்டிலிருந்து கிளம்பும் 25 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 14 வாட்தான். அரை அங்குல ஃபோம் கேபிள் போட்டால் 20க்கு மேல் சேரும். உப்புக்காற்று அடிக்கும் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை பக்கம் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: நடு ஊசியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், மேலுறையின் செப்புப் பின்னல் கறுத்துக் கிடக்கும். நீர் புகாத ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றியிருந்தால் இது வந்திருக்காது. டேப்புக்கு ஆகும் செலவு அற்பம். ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.5க்கு மேல் காட்டினால் மழைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

ரிப்பீட்டரே விழுந்துவிட்டால்? தெருவில் நிற்கும் இருவர் கைச் செட்டில் நேரடியாக இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் பேச முடியும். எல்லா செட்டிலும் ஒரு நேரடிச் சேனல் பதிந்திருக்க வேண்டும். இடையில் நிற்கும் ஜீப்பின் 25 வாட் செட் செய்தியை வாங்கிக் கடத்த வேண்டும்.

கருவி வாங்கத் தரும் மானியத்தில் பின்னாளில் பராமரிப்புக்குப் பணம் கேட்டால் கிடைப்பது கடினம். அதனால் ஒப்பந்தப்புள்ளியிலேயே ஐந்தாண்டுப் பராமரிப்பையும், இடையில் ஒருமுறை பேட்டரி மாற்றுவதையும் சேர்த்து விலை கேளுங்கள். புது அலைவரிசை என்றால் அனுமதிக்கு முதலிலேயே எழுதிவிடுங்கள். இல்லையேல் செட் அட்டைப்பெட்டியில் தூங்கும். வந்த பணம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணை நின்றுவிடும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு ரிப்பீட்டருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மறுநாள் காலை வரை எது எது பேசுகிறது என்று குறித்து வையுங்கள். எதற்குப் பணம் கேட்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லும்.

இப்படிக்கு,
வயர்லெஸ் பராமரிப்புத் தொழிலில் உள்ளவர்கள்,
கடலூர்.