பிரேக் தேயாத டிரைவர்

கோவை
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசில் இருந்த பாரம் இறங்கியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. ஒரு மாசத்துக்கு அடுப்புப் புகை, தூசி பக்கம் போகாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஏழாம் மாசம், தை பிறந்ததும் வளைகாப்பு. தேதி முடிவானதும் போன் பண்ணுகிறேன், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போ.

ஃபார்முலா 1 கார் ரேஸில் எக்காலத்துக்கும் பெரிய டிரைவர் யார் என்று, ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டே நீ போட்டு அனுப்பிய கணக்கை மூன்று முறை படித்துவிட்டேன். ஹாமில்டனுக்கு 105 வெற்றி, ஷூமாக்கருக்கு 91, இருவருக்கும் ஏழேழு பட்டம். ஐம்பதுகளில் ஓட்டிய ஃபாஞ்சியோவுக்கு 24, அறுபதுகளில் ஓட்டிய கிளார்க்குக்கு 25. இதற்கு மேல் என்ன பேச்சு என்று முடித்திருக்கிறாய். பேச நிறைய இருக்கிறது மாப்ள.

உலக சாம்பியன்ஷிப் தொடங்கிய 1950இல் வருசத்துக்கு 7 பந்தயம். 2024இல் 24 பந்தயம். ஃபாஞ்சியோ தன் வாழ்நாளில் ஓட்டிய மொத்தமே 51 பந்தயம்தான், அதில் 24 ஜெயித்தார். கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. ஹாமில்டன் அந்த 105ஐ எடுக்கக் கிட்டத்தட்ட 350 பந்தயம் ஓட்டியிருக்கிறார். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, அவ்வளவு காலம் அந்தக் கூர்மை மழுங்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இன்னொன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒருவர் காரை இன்னொருவர் பாதியில் வாங்கி ஓட்டலாம். 1956இல் இத்தாலியின் மோன்சாவில் ஃபாஞ்சியோவின் கார் கெட்டுப்போனது. அதே ஃபெராரி அணியில் இருந்த பீட்டர் காலின்ஸ், தனக்கே பட்டம் கிடைக்கும் வாய்ப்பு இருந்த வேளையில், பிட்டில், அதாவது பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திச் சரிபார்க்கும் இடத்தில், இறங்கித் தன் காரை அவருக்குக் கொடுத்தார். அந்த வருசப் பட்டம் அப்படித்தான் ஃபாஞ்சியோவுக்கு வந்தது. காலின்ஸின் அந்தப் பெருந்தன்மையை உன் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?

அடுத்த வருசம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்ததை நீயும் அறிவாய், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், மலையும் காடும் வளைவுமாய். ஃபாஞ்சியோவுக்கு அப்போது 46 வயது, மசராட்டி கார். பாதி டேங்க் பெட்ரோலோடு கிளம்பி, வேகமாய் ஓடி இடைவெளி எடுத்து, நடுவில் நின்று டயர் மாற்றிப் பெட்ரோல் போட்டுக்கொள்வது திட்டம். இடைவெளி முப்பது விநாடி அளவுக்குக் கிடைத்தது. பிட்டில் எல்லாம் கெட்டது, ஒரு சக்கர நட்டு காருக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. அவர் வெளியே வரும்போது ஃபெராரியில் ஓடிய ஹாத்தோர்னும் காலின்ஸும் முக்கால் நிமிசத்துக்கு மேல் முன்னால் போய்விட்டார்கள். அதன்பிறகு மனுஷன் சுற்றுக்குச் சுற்று ரெக்கார்டை உடைத்தார். பந்தயத்துக்கு முன் முதலிடம் பிடித்த அவருடைய சொந்த நேரம் 9 நிமிடம் 25.6 விநாடி. பந்தயத்தின் இருபதாம் சுற்றில் 9 நிமிடம் 17.4 விநாடி. எட்டு விநாடிக்கு மேல் எங்கிருந்து வந்தது? மற்றவர்கள் கியர் இறக்கும் வளைவில் இவர் மேல் கியரிலேயே போனார். 21ஆம் சுற்றில் இருவரையும் தாண்டி, 3.6 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்கு முன்னும் அப்படி ஓட்டியதில்லை, இனிமேலும் ஓட்ட மாட்டேன் என்று அவரே சொன்னார். அவருடைய கடைசி வெற்றியும் அதுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, என் மனசில் முதல் ஆள் ஃபாஞ்சியோ இல்லை என்றால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். என் ஆள் ஜிம் கிளார்க். ஏன் என்று சொல்ல டிப்போவுக்குப் போக வேண்டும்.

நான் பஸ் டிப்போவில் பிரேக் செக்‌ஷனில் இருந்தபோது ஊட்டி ரூட் வண்டி ஒன்று எங்கள் கையில் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு டிரைவர்கள் எடுப்பார்கள். இருவரும் மேட்டுப்பாளையம் வந்து சேரும் நேரத்தில் இரண்டு நிமிசம் கூட முன்பின் இருக்காது. முதல் ஆள் இறங்கி வந்த அன்றைக்கு சக்கரத்துப் பக்கம் போனாலே கருகிய வாடை மூக்கைப் பிடிக்கும், டிரம்மில் கை வைக்க முடியாது. அடுத்தவர் குன்னூரைத் தாண்டியதும் கியரிலேயே பிடித்து, பர்லியார் வளைவுகளில் மிதியைத் தொட்டும் தொடாமலும் இறக்கி வருவார். பயணிகள் தூங்கிக்கொண்டே வருவார்கள். ஒருமுறை முதல் ஆளை மூன்று மாசம் வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மூன்று மாசமும் இவர் ஒருவரே ஓட்டினார். அப்புறம் டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன். வழக்கமாக அந்த நேரத்துக்கு லைனர், அதான் டிரம்மில் உரசும் பிரேக் பட்டை, தேய்ந்து ரிவெட் தலை தெரியும், டிரம் உள்பக்கம் நீலம் பாய்ந்திருக்கும். அன்றைக்கு லைனர் கனமாக அப்படியே இருந்தது. ஸ்கேல் வைத்து இரண்டு தடவை அளந்தேன். அதே வண்டி, அதே மலை, அதே நேரம். அன்றிலிருந்து ஒரு டிரைவர் எப்படி என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது லைனரைத்தான்.

கிளார்க்கோடு லோட்டஸ் அணியில் வேலை பார்த்த மெக்கானிக்குகளும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அவர் காரில் பிரேக் பேட் மற்றவர்கள் காரைவிட ரொம்ப நாள் உழைக்கும், டயரும் அப்படித்தான். வேகமோ எல்லோரையும்விட அதிகம். காரோடு சண்டை போடாமல், வளைவுக்குள் வழுக்கிக்கொண்டே நுழைவார். பழைய படச்சுருளைப் பார்த்தால் அவசரமே தெரியாது, கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று இருக்கிறது. 72 பந்தயத்தில் 25 முறை முதலிடம், இரண்டாம் இடம் ஒரே ஒரு முறை, 1963இல் ஜெர்மனியில் சர்டீஸுக்குப் பின்னால். அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது மாப்ள. கார் உயிரோடு கடைசிவரை வந்தால் பெரும்பாலும் அவர்தான் முதல், வராவிட்டால் ஓரமாய் நிற்கும். லோட்டஸ் முதலாளி காலின் சாப்மன் காரை அவ்வளவு லேசாகக் கட்டுவார். 1962 பட்டம் தென்னாப்பிரிக்காவில் போனது, முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு போல்ட் கழன்று ஆயில் ஒழுகிவிட்டது. 1964இல் மெக்சிகோவில் பந்தயம் முடியும் தறுவாயில் மறுபடியும் ஆயில். அந்த இரண்டு முறையும் கார் தாங்கியிருந்தால் 1963, 65ஓடு சேர்த்து நாலு வருசம் தொடர்ந்து அவர்தான் சாம்பியன். ஒரு போல்ட் விலை என்ன இருக்கும்? போல்ட் முறுக்கிப் பிழைத்தவன் நான், அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும்.

பெல்ஜியத்தில் ஸ்பா. பழைய ஸ்பா, ஒரு சுற்று 14 கிலோமீட்டர், சாதாரண ஊர் ரோடு, பக்கத்தில் வீடும் மரமும் தந்திக் கம்பமும். 1960இல் அங்கே ஒரே பந்தயத்தில் கிறிஸ் பிரிஸ்டோ, ஆலன் ஸ்டேசி என்று இரண்டு பையன்கள் செத்தார்கள். கிளார்க்குக்கு அது இரண்டாவது கிராண்ட் பிரி, அதாவது ஃபார்முலா 1 பந்தயம். பிரிஸ்டோவின் உடல் ரோட்டில் கிடக்க அதன் பக்கமாய் ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த ரோட்டை அவர் கடைசிவரை வெறுத்தார். வெறுத்த அதே இடத்தில் 1962இலிருந்து 65 வரை வரிசையாக நாலு முறை ஜெயித்தார். 1963இல் கொட்டுகிற மழை. எட்டாவதாகக் கிளம்பியவர் முதல் சுற்றிலேயே முன்னால் வந்துவிட்டார். மேல் கியர் தானாகவே கழன்றுகொண்டது. ஒரு கையால் கியர் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டியரிங். முடிவில் இரண்டாவதாக வந்த மெக்லாரனுக்கும் இவருக்கும் இடைவெளி ஐந்து நிமிசத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மற்றவர்கள் எல்லோரையும் ஒரு சுற்று பின்னால் விட்டிருந்தார்.

மோன்சா 1967 இன்னும் பெரிசு என்பார்கள். டயர் பஞ்சராகி ஒரு முழுச் சுற்று பின்தங்கி, அந்தச் சுற்றையும் மீட்டு, எல்லோரையும் தாண்டி மறுபடி முதலிடத்துக்கு வந்தார். கடைசிச் சுற்றில் பெட்ரோல் ஏறவில்லை, மூன்றாவதாக முடிந்தது. உன் அட்டவணையில் இது வெற்றிக் கணக்கில் வராது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மட்டும் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

உனக்குப் பிடித்த பிரேசில்காரர் சென்னாவுக்கு வருகிறேன். 1988 மொனாக்கோவில் யார் முன்னால் கிளம்புவது என்று முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில், அதே மெக்லாரன் அணியில் இருந்த புரோஸ்ட்டைவிட 1.427 விநாடி வேகம். புரோஸ்ட் என்ன லேசுப்பட்ட ஆளா, நாலு பட்டம் வாங்கியவர். ஒரே கார், ஒரே நாள், அவ்வளவு வித்தியாசம் என்றால் நான் தலைவணங்குகிறேன். என் ஊட்டி வண்டிக் கணக்கும் அதுதானே. 1993 டோனிங்டன் மழையில் முதல் சுற்றுக்குள் ஐந்தாவதிலிருந்து முதலுக்கு வந்ததை நாம் ஒன்றாகத்தான் டிவியில் பார்த்தோம், நீ எழுந்து நின்றாய். அதே 1988 மொனாக்கோவில் ஐம்பது விநாடி முன்னால் இருந்தவர் தானாகவே தடுப்பில் கொண்டுபோய் இடித்தார். 1990இல் ஜப்பானின் சுசுகாவில் வேண்டுமென்றே புரோஸ்ட் மேல் விட்டார், அடுத்த வருசம் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். அதை என்னால் விழுங்க முடியவில்லை. ஆனால் 1992இல் ஸ்பாவில் எரிக் கோமாஸ் மோதி மயங்கிக் கிடந்தபோது தன் காரை நிறுத்திவிட்டு ரோட்டில் ஓடிப்போய்த் தலையைத் தாங்கிப் பிடித்ததும் இதே சென்னாதான். அந்த மனுஷனை ஒரு வார்த்தையில் அடக்க முடியாது.

நீ திருப்பிக் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: கிளார்க்குக்குப் பக்கத்தில் ஒரு புரோஸ்ட் இருந்தாரா? நியாயமான கேள்வி. பெரும்பாலான வருசம் இல்லை, லோட்டஸில் நல்ல கார் அவருக்குத்தான் முதலில். ஆனால் 1967இல் ஏற்கெனவே சாம்பியனான கிரஹாம் ஹில் அதே லோட்டஸ் 49இல் வந்து உட்கார்ந்தார். அந்த வருசம் கிளார்க் நாலு பந்தயம் ஜெயித்தார், ஹில் ஒன்றும் இல்லை.

1968 ஜனவரி முதல் தேதி தென்னாப்பிரிக்காவின் கயாலமியில் 25ஆவது வெற்றி, ஃபாஞ்சியோவைத் தாண்டினார். ஏப்ரல் 7ஆம் தேதி ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், ஈர ரோட்டில், ஒரு படி கீழான சாதாரண ஃபார்முலா 2 பந்தயத்தில் மரத்தில் மோதிப் போய்விட்டார். 32 வயது. பின் டயரில் காற்று இறங்கியிருக்கும் என்கிறார்கள். அவருக்கே இப்படி என்றால் எங்கள் கதி என்ன என்று கிறிஸ் ஏமன் அன்றைக்குக் கேட்டாராம். கூட ஓடியவர்கள் வாயிலிருந்து வந்த அந்தப் பயத்துக்குச் சமமாக எந்தப் புள்ளிவிவரத்தை வைப்பது? ஸ்காட்லாந்தில் சர்ன்சைடு கிராமத்தில் அவர் கல்லறைக் கல்லில் விவசாயி என்றுதான் முதலில் வெட்டியிருக்கிறது, சாம்பியன் என்பது அதற்குக் கீழே. ஆடு மேய்த்த குடும்பம். போட்டோவில் அந்தக் கல்லைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் பேரன், இந்தக் காலத்து டிரைவர் வெர்ஸ்டாப்பனின் கட்சி. 2024 பிரேசிலில் அவர் 17ஆவது இடத்திலிருந்து மழையில் ஜெயித்ததைப் போன மாசம் எனக்குப் போட்டுக் காட்டினான். வாயடைத்துத்தான் போனேன். ரேடியோவில் பேசிக்கொண்டே, பட்டனைத் திருகிக்கொண்டே அந்த வேகத்தில் ஓட்டுவதும் ஒரு வித்தைதான், அதைக் கிளார்க்கால் செய்ய முடியுமா என்று அவன் கேட்கிறான். ஒற்றைக் கையால் ஸ்பாவை ஓட்டியவர் பட்டனையும் பழகிக்கொள்வார் என்று சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. நீ வரும்போது நீயும் அவனும் சேர்ந்துகொண்டு என்னை மடக்கப் பார்ப்பீர்கள், தயாராகவே இருக்கிறேன்.

சென்னைப் பக்கம் சோழவரத்தின் பழைய விமான ரன்வேயில் ரேஸ் பார்க்க வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நாம் நின்று எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் உன்னிடம்தானே இருக்கிறது? வரும்போது எடுத்து வா. பேரன் பார்க்க வேண்டும் என்கிறான், அந்த ரன்வேயில் எப்படி ரேஸ் விட்டார்கள் என்று நம்ப மாட்டேன் என்கிறான்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். கண் கட்டு அவிழ்த்ததும் முதல் கடிதம் எனக்குத்தான் எழுத வேண்டும்.

உன் அன்புக் கூட்டாளி