வரம்பைக் கூட்டும் முன் எண்ணிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் கணினிப் பக்கத்தில், டேட்டாபேஸ் சர்வரில் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்ற பிழை வந்தால் லினக்ஸில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய ஃபைல்களின் வரம்பைக் கூட்டினால் போதும், அதை லிமிட்ஸ் டாட் கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் மாற்றலாம் என்று எழுதியிருந்தார்கள். இதே வேலையில் வருஷக்கணக்காக இருப்பவள் நான். அதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை.

எண்ணுவதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை தரும் வரிகளை எண்ணிப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். மெமரியில் ஏற்றிய லைப்ரரி, ப்ராசஸின் நடப்பு ஃபோல்டர் என்று வரம்புக் கணக்கில் சேராதவையும் அதில் வரும். ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த ப்ராசஸ் எண்ணில் இருக்கும் எஃப்டி (திறந்த ஃபைல் ஒவ்வொன்றுக்கும் தரப்படும் எண்) ஃபோல்டரில் உள்ளவற்றை எண்ணுங்கள், அதுதான் சரியான கணக்கு. பக்கத்திலேயே இருக்கும் லிமிட்ஸ் ஃபைலில் அதற்கு உண்மையில் கிடைத்திருக்கும் வரம்பும் தெரியும். யூலிமிட் கட்டளையை அடித்தால், நீங்கள் கட்டளை அடிக்கும் ஷெல்லின் வரம்புதான் வரும். டேட்டாபேஸை சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் புரோகிராம்) கிளப்புகிறது என்றால், கட்டுரையில் சொன்ன லிமிட்ஸ் டாட் கான்ஃப் அங்கே செல்லாது. சர்வீஸ் ஃபைலில் லிமிட்நோஃபைல் என்ற வரியில் வரம்பைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சரி, திறந்து கிடப்பவை என்ன? டேபிள் ஃபைல்கள் என்றால் பெரும்பாலும் நியாயமான தேவைதான். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில், வழக்கமான அமைப்பில் ஒரு டேபிளைப் பிரித்த ஒவ்வொரு பார்டிஷனும் தனி ஃபைல். மோங்கோடிபியில் தேடலை வேகப்படுத்தும் ஒவ்வொரு இண்டெக்ஸும் தனி ஃபைல், அவர்களே 64,000 வரம்பு வைக்கச் சொல்கிறார்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸ், வரம்பும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி என்பதால் கணக்கே வேறு.

திறந்த ஃபைலாகவே கணக்கில் வரும் நெட்வொர்க் இணைப்புகளான சாக்கெட்டுகள் குவிந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எங்கள் சர்வர் ஒன்றில் வேலை நேரம் முடிந்து கூட்டம் குறைந்த பிறகும் சாக்கெட் எண்ணிக்கை இறங்கவே இல்லை. பார்த்தால், அறிக்கை தயாரிக்கும் ஒரு புரோகிராம், குவெரி தோற்றுப்போகும் போதெல்லாம் இணைப்பை மூடாமல் விட்டுவிட்டு அடுத்ததைத் திறந்துகொண்டிருந்தது. குவெரி ஒழுங்காக முடிந்தால் மூடிவிடும். அதனால்தான் சோதனையில் யார் கண்ணிலும் படவில்லை. அதற்கு முன்பே வரம்பை இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். அதனால் கிடைத்த லாபம், பகலில் விழ வேண்டிய சர்வர் நள்ளிரவில் விழுந்ததுதான்.

எஃப்டி எண்ணிக்கையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை லாக்கில் எழுதிவைத்தால், அது ஏறி இறங்குகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்த இதழில் இதையும் ஒரு வரி சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி