மலையில் வாழும் தம்பதியருக்கும் மனநல ஆலோசனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தையின்மை சிகிச்சைக்காக நீலகிரியிலிருந்து கோவைக்கு இறங்கிச் செல்லும் தம்பதியர், ஊசிக்கும் பரிசோதனைக்கும் அலைவதோடு, ஊர் திரும்பியதும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வியையும் தாங்க வேண்டியிருக்கிறது. குறை கணவரிடம் இருந்தாலும் கேள்வி பெண்ணிடமே வருகிறது. வளைகாப்புக்கு அழைத்துவிட்டு அவளை ஓரமாக நிறுத்தும் கொடுமையும் இன்னும் தொடர்கிறது.

சிகிச்சையின் விளைவுகள், வெற்றி வாய்ப்பு குறித்துத் தம்பதியருக்கு ஆலோசனை தரும் கடமையை 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டம் கருத்தரிப்பு மையங்களுக்கு விதித்துள்ளது. ஆனால், சிகிச்சை தோற்ற பின் வரும் துயரத்துக்கும், மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தவிப்புக்கும் தொடர்ந்து செவிகொடுக்க ஒருவர் தேவை. தெரிந்தவர் கண்ணில் படாமல், மலையிறங்காமல் பேச முடிவதால் இணையவழி ஆலோசனை இதற்கு மிகவும் ஏற்றது.

மருத்துவ உளவியலாளர் எனச் சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணையும், கருச்சிதைவு, தத்தெடுப்பு சார்ந்த அனுபவத்தையும் தயங்காமல் கேட்க வேண்டும். கணவரும் உடன் அமர்வது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைப்பேற்றுக்கு உத்தரவாதம் தருபவரை நம்ப வேண்டாம். முதல் அடியாக, மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் கைபேசிக்குச் சிக்னலும் இல்லை, மனம்விட்டு அழத் தனியிடமும் இல்லை. ஆகவே கோத்தகிரி, குன்னூர், கூடலூர் அரசு மருத்துவமனைகளில் இணைய வசதியுடன் கதவடைத்துப் பேசக்கூடிய ஓர் அறையை மாவட்ட நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி