வன்னியில் இரவு தங்கும் விமானம் வேண்டும்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், கிளிநொச்சி தேர்தல் கணக்கில் யாழ்ப்பாணத்தோடு சேர்க்கப்பட்டிருப்பதால் அந்த மாவட்ட உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உள்நாட்டு விமான சேவையில் வன்னியையும் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். சிறிய ஊர்களுக்கு விமானம் இலாபத்தில் ஓடாது. அரசு மானியம் கொடுத்தால்தான் ஓடும். அந்த மானியத்தை எந்த நிபந்தனைகளோடு கொடுப்பது என்பதை, அதைக் கேட்பதற்கு முன்னரே நாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முல்லைத்தீவுக்குப் புகையிரதப் பாதை இல்லை. என் சின்னம்மாவைக் கொழும்புக்குக் கிளினிக்குக் கூட்டிச் சென்ற நாட்களில், மாலையில் பஸ் ஏறி, விடியுமுன் இறங்கி, மருத்துவமனை வாங்கில் காத்திருந்து, மத்தியானத்துக்குப் பின் மருந்தோடு வெளியே வந்து, மறுபடியும் இரவு பஸ்ஸிலேயே ஊர் திரும்புவோம். வைத்தியர் அவரைப் பார்ப்பது பத்து நிமிடம். அதற்குச் செலவாவது இரண்டு இரவும் ஒரு பகலும்.

காலையில் கொழும்பிலிருந்து புறப்பட்டு, ஒன்பது மணிக்கு இங்கே இறங்கி, அரை மணியில் திரும்பிப் போகும் விமானம் சின்னம்மாவுக்கு உதவியிருக்காது. அதில் ஏறிப் போய்ச் சேரும்போது கிளினிக்கில் துண்டு கொடுத்து முடிந்திருக்கும். அன்றிரவு கொழும்பில் அறை எடுத்துத் தங்கவும் வேண்டும். அத்தகைய நேரசூசி கூட்டத்துக்கு வந்து போகும் அதிகாரிக்கும் சுற்றுலாப் பயணிக்கும்தான் வசதி. விமானம் இரவில் வவுனியாவில் தரித்து நின்று, அதிகாலையில் புறப்பட்டு, மாலையில் திரும்பி வந்தால்தான் அது வன்னிக்காரருக்கான சேவை. அப்படிச் செய்தால் விமானிகள் வவுனியாவில் தங்க வேண்டும், காவலும் எரிபொருளும் இங்கே வேண்டும், நிறுவனத்துக்குச் செலவு கூடும் என்பது எனக்குத் தெரியும். மானியம் என்பதே அந்தக் கூடுதல் செலவுக்காகத்தானே? நோர்வேயின் வடக்கேயுள்ள சிற்றூர்களுக்கான சேவைகளுக்கு அரசு கேள்விப்பத்திரம் கோரும்போது, காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய நேரங்களையும் நிபந்தனையாக எழுதிவிடுகிறது.

வவுனியாவையும் கிளிநொச்சியிலுள்ள இரணைமடுவையும் சேர்த்துக் கேட்பது பேராசை. இரண்டு ஓடுபாதைகளும் விமானப்படையிடம் இருக்கின்றன. கிளிநொச்சிக்காரருக்கு 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி இருக்கிறது. வவுனியா ஒன்றே போதும். அதுவும் இருக்கிற ஓடுபாதையில் இறங்கக்கூடிய, பத்தொன்பது இருக்கைகள் கொண்ட சிறிய விமானமாக இருக்கட்டும். பெரிய விமானத்துக்காக ஓடுபாதையை நீட்ட ஒரு பரப்புக் காணிகூட எடுக்கப்படக் கூடாது. விமானப்படை வசமிருந்த தம் காணிக்காக 2017 இல் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் ஒரு மாதம் வீதியோரத்தில் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள்.

சிறு நகரங்களுக்கான விமான சேவைக்கு மானியம் கொடுக்கும் இந்தியாவின் உடான் திட்டத்தில் 2017 இல் பறப்புகள் தொடங்கியபோது, ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 இந்திய ரூபாய் என்று இருக்கைகளில் ஒரு பகுதிக்குக் கட்டண உச்சம் வைத்தார்கள். மானியம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்றும், மானியக் காலம் முடிந்த பிறகும் நீடித்தவை 54 மட்டுமே என்றும் அந்நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளர் 2023 இல் அறிக்கையிட்டார். பக்கத்திலேயே பார்த்தால், 2018 இல் தொடங்கிய சேலம் – சென்னை சேவை 2021 இல் நின்று, 2023 இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே மூன்று ஆண்டில் இலாபம் வந்துவிடும் என்ற கற்பனையில் நமது ஒப்பந்தம் எழுதப்படக் கூடாது. இடையில் கைவிட்டுப் போகும் நிறுவனம் தண்டப்பணம் கட்ட வேண்டும்.

மானியத்துக்கும் ஓர் உச்சம் வேண்டும். 1978 முதல் சிற்றூர்களுக்கான விமான சேவைக்கு மானியம் கொடுத்துவரும் அமெரிக்காவில், பெரிய அல்லது நடுத்தர விமான நிலையமொன்றிலிருந்து 210 மைலுக்குட்பட்ட ஊருக்குப் பயணி ஒருவருக்கு 200 டொலருக்கு மேல் கொடுப்பதில்லை என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. வவுனியா கட்டுநாயக்காவிலிருந்து அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. நமது பொருளாதாரத்துக்கு ஏற்ற உச்சம் அதிலும் மிகக் குறைவாகவே இருக்கும். அதைத் தாண்டினால் விமானத்தை விட்டுவிட்டு, அதே பணத்தில் நோயாளருக்கு நல்ல இரவு பஸ் விடுங்கள். வருமானம் போதாத வழிகளில் பஸ் ஓட்டுவதற்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு சிசு செரிய (மாணவர் பஸ்), நிசி செரிய (இரவு பஸ்) என்ற பெயர்களில் ஏற்கெனவே பணம் கொடுக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

இன்னொன்று. அதிகாலை விமானத்தைப் பிடிக்க முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு நள்ளிரவு தாண்டியதும் ஒரு பஸ் புறப்பட வேண்டும். அந்த பஸ்ஸையும் விமான ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். தனியாக விட்டால் மறந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஒரு வாக்காளர்