புரொஜெக்டர் கடைசியில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பூட்டிக் கிடக்கும் பழைய தியேட்டரை மீட்க ஊர்க்காரர்கள் கூடினால், முதல் கூட்டத்திலேயே பேச்சு புரொஜெக்டருக்கும் முகப்பு விளக்குக்கும் போய்விடுகிறது. திரட்டிய பணமும் அதற்கே தீர்ந்துவிடும். அடுத்த பெருமழையில் புதுத் திரையின் மேல் தண்ணீர் வழியும். பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். வேலை கூரையில் தொடங்கினால்தான் கட்டடம் நிற்கும்.

ஓடு, தகடு மாற்றுவது பெரிய காரியமில்லை. இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம், முகப்புச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் மழைநீர்க் கால்வாய், அதிலிருந்து இறங்கும் குழாய் ஆகிய மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். இலையும் புறாக்கூடும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். கூரையின் உத்திரம் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் மரம் முதலில் உளுத்துப்போகும். வெளியே தெரியும் பாகம் கல் மாதிரி இருக்கும். கூர்மையான கம்பியால் முனையில் குத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இரும்பு உத்திரமாக இருந்தால் சுவரில் அதன் நீளத்துக்குப் படுக்கைவாட்டில் விரிசல் ஓடியிருக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்துச் செங்கல்லைத் தள்ளுவதால் வருவது அது. துருவைச் சுரண்டாமல் விரிசலை மட்டும் பூசி மறைத்தால் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். நனைந்த சுவர் மாதத்துக்குக் கனத்தில் சுமார் 25 மில்லிமீட்டர்தான் காயும் என்பது வேலைக்காரர்கள் கைக்கணக்கு. 350 மில்லிமீட்டர் கனமுள்ள சுவருக்கு ஓராண்டுக்கு மேலாகும். அதுவரை வண்ணம் பூசச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் இணங்கக் கூடாது.

அடுத்தது உட்கூரை. பல பழைய அரங்குகளின் அலங்காரக் கூரை, சாக்குத் துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் சேர்த்து வார்த்தது. அதைத் தாங்கும் கட்டுகளும் பெரும்பாலும் அதே சாக்குத்துணிதான். நனைந்து நனைந்து துணி இற்றுப்போனாலும் கீழிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. லண்டன் அப்போலோ நாடக அரங்கில் 2013 டிசம்பரில் காட்சி நடந்துகொண்டிருந்தபோதே கூரையின் ஒரு பகுதி விழுந்து 70க்கும் மேற்பட்டோர் காயமடைந்தது இந்தக் கட்டுகள் வலுவிழந்ததால்தான். ஆகவே சோதனை மேலிருந்து நடக்க வேண்டும். பிளாஸ்டர் மீது கால் வைக்காமல், உத்திரத்துக்கு உத்திரம் பலகை போட்டு, கூரையைத் தாங்கும் துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எண் போட வேண்டும். தளர்ந்த இடத்தை உடைத்தெறிய வேண்டியதில்லை. புதிய கட்டுக் கொடுத்தாலே பெரும்பகுதி பிழைத்துவிடும். புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்கினால் நோய்க்கிருமி நுரையீரலுக்குள் போகும். நனைத்து, முகக்கவசத்தோடு அள்ளுங்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்று தோன்றும் பலகையையோ தீத்தடுப்புத் திரையையோ ஆய்வகச் சோதனைக்கு முன் அறுக்கவும் துளையிடவும் கூடாது.

பழைய திரையைக் கழற்றும் முன் அதன் பின்னால் எட்டிப் பாருங்கள். 1953இல் சினிமாஸ்கோப் வந்த பிறகு, அகலத் திரைக்கு இடம் போதாமல் பழைய மேடை வளைவுக்கு முன்னாலேயே புதிய சட்டம் அடித்த அரங்குகள் உண்டு. சுதை வேலைப்பாடு அந்த இருட்டில் இன்னும் இருக்கலாம். ஆபரேட்டர் ரூம் ஜன்னல்களில் உள்ள இரும்பு மூடிகளையும் பழைய இரும்பென்று எடைக்குப் போட வேண்டாம். 1950களின் தொடக்கம் வரை படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டில் வந்தது. தீயில் இணைப்புத் துண்டு உருகியதும் மூடி தானே விழுந்து அரங்கைக் காக்கும் ஏற்பாடு அது.

ஒலியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 3,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள அரங்கில் முழக்கம், அதாவது ஒலி நின்ற பிறகும் நீடிக்கும் எதிரொலி, 1 வினாடியில் அடங்க வேண்டுமானால், அந்தக் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கிக் கிடைக்கும் சுமார் 480 சதுர மீட்டருக்கு ஈடாக ஒலியை முழுவதும் விழுங்கும் பரப்பு வேண்டும். பஞ்சு இருக்கையும் கனத்த திரைச்சீலையும் நார்ப்பலகையும் அதில் பெரும்பங்கு. சீலையை எடுத்துவிட்டு, இருக்கையை மரமாக்கி, நார்ப்பலகைக்கு எனாமல் அடித்தால் அதன் நுண்துளைகள் அடைபட்டு வசனமே புரியாது. எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இருக்கையை அகலப்படுத்தி, வரிசைக்கு இடையே கால் நீட்ட இடம் விட்டால் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். வரவுசெலவுக் கணக்கைப் பழைய எண்ணிக்கையில் போடக் கூடாது.

ஒயரிங்கில் ஒன்றையும் மிச்சம் வைக்க வேண்டாம். பழைய ரப்பர் உறை தொட்டாலே உதிரும்.

பால்கனிக்கு மேலே ஆபரேட்டர் ரூம் இருந்தால் ஒளி சாய்வாக இறங்கி, படத்தின் அடிப்பாகம் அகன்று தெரியும். பிலிம் காலத்தில் படத்தின் ஓரங்களை வரையறுக்கும் படச் சட்டத் தகட்டை அரத்தால் ராவி இதைச் சமாளித்தார்கள். டிஜிட்டலில் மின்னணுத் திருத்தம் போட்டால் 2K வகைப் புரொஜெக்டரின் 2048க்கு 1080 புள்ளிகளில் ஒரு பங்கு வீணாகும். திரையின் மேல்விளிம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஓரத்தைக் கறுப்புத் துணியால் மறைப்பதே மேல். திரை நடுவில் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டலா (ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும்; வாங்கும் முன் விற்பவரிடம் உங்கள் திரையின் அகலத்தைச் சொல்லி இந்த எண்ணை எழுதி வாங்குங்கள். பூச்சு வேலையின் தூசி முழுவதும் அடங்கி, அரங்கை இரண்டு முறை கழுவித் துடைத்த பிறகே புரொஜெக்டர் பெட்டியைப் பிரிக்க வேண்டும். முதல் மாதத்திலேயே வடிகட்டி அடைத்து இயந்திரம் சூடேறி நிற்பதற்கு அந்த வெள்ளைத் தூசிதான் காரணம்.

இப்படிக்கு,
பழைய கட்டடச் சீரமைப்புப் பணியாளர்கள்